அம்முணிக்கு, வீடு விசயமா

கண்ணு அம்முணி,

நீ வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்திரம் உன் ஒருத்தி பேர்லதான்னும் சொன்னா. அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. நாப்பது வருசத்து வீடுங்கறதால இதை எழுதறேன்.

பெயிண்டைப் பாத்து மயங்காதே. மத்த சுவரெல்லாம் பழசா இருக்க ஒண்ணு மட்டும் புதுசா மின்னுச்சுன்னா, அங்கதான் உள்ளங்கைய வெச்சுப் பாக்கோணும். தரையிலிருந்து மூணடி வரைக்கும் உப்புப் பூத்துப் பொரிஞ்சிருந்தா ஈரம் அடியிலிருந்து ஏறுது. அது லேசுல தீராது. கூரையோரம் கறைன்னா மாடி ஒழுகுது, தட்டோட்டைப் பேத்துப் போட்டாச் சரியாகும். மழை பேஞ்ச மறுநாள் காலைல போ. வெயில்ல எந்த வீடும் நல்ல வீடுதான்.

பூச்சுல முடி மாதிரி ஓடற விரிசலுக்குப் பயப்படாதே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா இறங்கி, காசு நுழையற அகலம் இருந்தாத்தான் யோசிக்கோணும். கரிசல் மண்ணுன்னா மழைல உப்பும், வெயில்ல சுருங்கும், அஸ்திவாரமும் கூடவே அசையும். விரிசலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வெச்சு ஒட்டி, பக்கத்துல தேதி எழுதச் சொல்லு. ஒரு மாசத்துல அது உடைஞ்சா விரிசல் இன்னும் நடந்துட்டிருக்குது. கிரயத்துக்கு அந்த ஒரு மாசம் தவணை கேளு, வெக்கப்படாதே. பேங்க்ல அத்தனை பேருக்கு மேல அதிகாரியா இருக்கறவ, இதைக் கேக்கறதுக்கு என்ன?

நிலவுக்கால் அடியில திருப்புளியால குத்திப் பாரு, பொதுக்குன்னு இறங்குனா செல்லு அரிச்சிருக்குது. டூ பின் பிளக்காவே இருந்தா எர்த் இல்ல, வயரிங் மொத்தமும் மாத்தற செலவை விலையில கழிச்சுப் பேசு.

சன்ஷேடை மட்டும் விட்றாதே. சுத்தியல்ல மெதுவாத் தட்டு. கணீர்னா நல்லது, பொத்துபொத்துன்னா கம்பி துருப்பிடிச்சு, துரு உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிட்டு நிக்குது. ஏணி போட்டு மேலயும் பாரு. சன்ஷேடுக்குக் கம்பி மேல் பக்கம் இருக்கோணும். காங்கிரீட் போடறப்ப ஆளுங்க மிதிச்சு அது கீழ இறங்கியிருந்தா, சுவரை ஒட்டி மேல நெடுக ஒரு விரிசல் இருக்கும். அப்பிடி இருந்தா இடிச்சுப் புதுசாத்தான் போடோணும். மேல பூசுனா நிக்காது.

நிக்காதுன்னு எனக்குத் தெரியும் அம்முணி. நம்ம சமையக்கட்டு சன்ஷேடுல துரு தெரிஞ்சுது. உன் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கற அவசரத்துல கம்பியைக்கூடத் தேய்க்காம நானே சிமெண்டு பூசி மூடுனேன். மழைல விழுந்துதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், உன்கிட்டயும் அதையேதான் சொன்னேன். அம்மா இன்னைக்கும் எடது கையத் தூக்கித் தலை சீவ முடியல. அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல.

அதனால தட்டிப் பாரு சாமி. எல்லா சன்ஷேடையும் தட்டிப் பாரு.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுல வர்றேன். சுத்தியும் திருப்புளியும் பையில வெச்சுட்டேன். அம்மா அரிசிம்பருப்புச் சோத்துக்குப் பொடி இடிச்சுத் தர்றா. வர வேண்டாம்னா சொல்லிரு, பையை மட்டும் ஆள்கிட்டக் குடுத்தனுப்பறேன்.

அப்பா
கோபி