643ஆவது பெயர்

அன்பு மகள்,

போன கிழமை நீ போனில் கதைத்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியாக நித்திரை இல்லை. போரில் கொல்லப்பட்டவர்களைப் பற்றி நீ எழுதிவரும் கோப்பைப் பற்றித்தான் பேச்சு. "ஒவ்வொரு வரியிலும் 'கொல்லப்பட்டதாகக் கூறப்படும்' என்று எழுதி எழுதி எனக்கே கூச்சமாக இருக்கு அப்பா" என்றாய். அந்த உக்ரேனியக் கிராமத்தில், மூன்றாம் வீட்டில் இறந்து கிடந்த கிழவிக்கு இன்னும் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை என்றும் சொன்னாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் காரில், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை ஊரோடு கொன்று எரித்த ஒரதூர் கிராமத்துக்குப் போய்வந்தேன். இத்தனை வருசம் பிரான்சில் இருந்தும் ஒருமுறையும் போனதில்லை.

லிமோஜ் நகரத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம். பழைய ஊரை 1944இல் எரிந்த கோலத்திலேயே விட்டுவைத்து, பக்கத்தில் புது ஊர் கட்டியிருக்கிறார்கள். கூரை இல்லாத வீடுகள், தெரு நடுவே ட்ராம் தண்டவாளம். ஒரு வீட்டுச் சுவரோரம் காலால் மிதிக்கிற தையல் மெசின் ஒன்று. உன் அம்மம்மா வைத்திருந்த மாதிரியே. சக்கரம் துருவேறி இறுகிப்போய் நிற்கிறது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மாமாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

1944 ஜூன் 10, சனிக்கிழமை. நோர்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி நாலாம் நாள். பின்னேரம் இரண்டு மணியளவில் தாஸ் ரைஷ் என்ற ஜேர்மன் டிவிசனைச் சேர்ந்த எஸ்.எஸ். என்னும் நாசிப் படையினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை பார்க்கப் போகிறோம் என்று சொல்லி எல்லோரையும் சந்தைத் திடலுக்குக் கூப்பிட்டார்கள். ஆண்களைப் பிரித்துக் களஞ்சியக் கொட்டில்களில் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்து, சுட்டு, தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒரே ஒரு பெண்தான் தப்பினார், மார்கரித் ருஃபான்ஷ். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த யன்னலால் கீழே குதித்தார். உடம்பில் ஐந்து குண்டு. ஒரு தோட்டத்தில் பட்டாணிச் செடிகளுக்கு நடுவே மறுநாள் பின்னேரம் வரை அசையாமல் கிடந்தார். கணவன், மகன், இரண்டு மகள்மார், ஏழு மாதப் பேரக்குழந்தை எல்லோரையும் அன்றைக்கு இழந்தவர். அந்த யன்னலைப் பார்த்தேன். நல்ல உயரம் மகள். கீழே சரிவு. ஐம்பதை நெருங்கிய ஒரு மனுசி எப்படிக் குதித்தார் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளில் தப்பியது ரொஜே கோட்ஃப்ரான் என்ற சின்னப் பையன் ஒருவன் மட்டும். ஜேர்மனியர் பிடித்த லொறெய்ன் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம். ஜேர்மன்காரன் வந்தால் ஓடிவிடு என்று தாய் சொல்லி வைத்திருந்தாராம். ஓடினான்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. 642 பேர் செத்தார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அதில் ஐம்பது சொச்சம் பேரின் உடலைத்தான் அடையாளம் காண முடிந்தது. மிச்சப் பேர் சாம்பல். அப்படியென்றால் அந்தப் பட்டியலை எப்படிப் போட்டிருப்பார்கள்? யார் திரும்பி வரவில்லை என்று உயிரோடு மிஞ்சிய சொந்தக்காரரும் அயலவரும் வந்து சொல்லிச் சொல்லித்தான். நீ இப்போது செய்வதும் அதே வேலைதான்.

இந்தப் படுகொலைக்கான வழக்கு விசாரணை 1953இல் பிரான்சின் போர்தோ நகரத்தில் நடந்தது. கூண்டில் 21 பேர். அதில் 14 பேர், ஜேர்மனி பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பகுதியான அல்சாஸைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலானோர் கட்டாயமாக ஜேர்மன் படையில் சேர்க்கப்பட்டவர்கள். தீர்ப்பு வந்து சில நாளிலேயே பாராளுமன்றம் அந்தக் கட்டாயப் படையினருக்கு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. டிவிசனின் தளபதி லாமர்டிங் ஒருநாளும் சிறைக்குப் போகவில்லை. மேற்கு ஜேர்மனியில் தொழில் செய்து வாழ்ந்து 1971இல் செத்தார். இதை வாசிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

போதாததற்கு, தேவாலயத்துக்குள் ஜேர்மனியரை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகள் ஒளித்து வைத்திருந்த வெடிமருந்துதான் வெடித்தது என்று கதை கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020இல் யாரோ வந்து நினைவு நிலையச் சுவரில் 'பொய்யன்' என்று பெயின்ற் அடித்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் சொல்கிறேன், 'கூறப்படும்' என்று எழுதக் கூசாதே. பொய்யன் என்று எழுத ஒருவன் எப்போதும் வருவான். அவன் வரும்போது உன் கோப்பில் ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது. ஆனால் எது உறுதியாகிறதோ, அந்த வரியில் அந்தச் சொல்லை அன்றைக்கே வெட்டிவிடு. செத்தவர்களை ஒரு நாள் கூடுதலாகவும் சந்தேகத்தில் வைத்திருக்காதே.

சரி, அந்தக் கிழவி விசயத்துக்கு வருகிறேன். 642 இப்போது 643. ரமோனா டொமிங்கெஸ் கில் என்று ஒரு மூதாட்டி, ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவுக்குத் தப்பி வந்த அகதி. ஸ்பானிய ஆய்வாளர் ஒருவர் ஆவணங்களைத் தோண்டித் தேடும்வரை, 75 வருசமாக அந்த மனுசி எந்தக் கணக்கிலும் இல்லை. வந்து பெயர் கொடுக்க வேண்டிய குடும்பமும் அதே நாளில் அங்கேயே போய்விட்டது. வேற்று நாட்டுக்காரி, வேற்று மொழிப் பெயர், யார் கேட்பது?

எனக்கு இது நன்றாக விளங்கும். நான் வந்த புதிதில் ஒரு கந்தோரில் என் பெயரையும் உன் அப்பப்பாவின் பெயரையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். திருத்தி எடுக்க ஒன்பது வருசம் போனது. அதுவரை எல்லாக் கடிதமும் செத்துப்போன என் அப்பாவுக்குத்தான் வந்தது. அந்த நாட்களில் எனக்கு ஏதும் நடந்திருந்தால் எந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் என்னைத் தேடியிருப்பாய்?

மூன்றாம் வீட்டு அம்மாவைப் பற்றி அயலட்டையில் மட்டும் விசாரித்துவிட்டு விடாதே. ஊரில் ஒரு கடை இருந்திருக்கும், கடன் கொப்பி இருந்திருக்கும். வயதானவர், பென்சன் வந்திருக்கும். மாதா மாதம் அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்த தபால்காரி யார் என்று கேட்டுப் பார். பெயர் கிடைத்தால் எனக்குப் போன் எடு. நடுச்சாமமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா