51 பெகாசி: படம் பகிர்வோர் கவனத்திற்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். நேற்றிலிருந்து நம் குழுவில் பகிரப்பட்டு வரும் அந்தச் செக்கச்சிவந்த கோளின் படம் ஓவியர் வரைந்தது. 51 பெகாசி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை அப்படி யாரும் படம் எடுத்ததில்லை.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கோள் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக அசையும். நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். இந்த ஆட்டத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 56 மீட்டர்தான். ஏறக்குறைய 50 ஒளியாண்டு தொலைவிலிருந்து அதை அளந்திருக்கிறார்கள்; எனக்குக் கோளைவிட இதுதான் பெரிய வியப்பு. வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே குவெலோவும் இந்தக் கோளை 1995-இல் அறிவித்தார்கள், 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோளின் நிறை வியாழனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நட்சத்திரத்திலிருந்து சுமார் 80 லட்சம் கிலோமீட்டரில் ஒட்டிக்கொண்டு, 4.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. நம் புதன்கூட சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது! இவ்வளவு பெரிய வாயுக்கோள் அங்கேயே உருவாகியிருக்காது, தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்கும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

சரி, பார்க்க முடியுமா? கோளை முடியாது, நட்சத்திரத்தை முடியும். அக்டோபர், நவம்பர் மாலைகளில் நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்து சதுரம்போல் தெரியும் பெகாசஸ் சதுரத்தைப் பிடியுங்கள். அதன் மேற்குப் பக்கத்து இரண்டு நட்சத்திரங்கள்தான் நம் பூரட்டாதி. அவற்றுக்கு நடுவே, இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று வெளியே 51 பெகாசி மங்கலாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் சுலபம்.

அப்புறம், இனி படம் போடும்போது ஓவியமா, உண்மைப் படமா என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.