பிரேமில் விரிசல், வாரண்டி மறுப்பு: சைக்கிள் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
தங்கள் ரோடு பைக் வாடிக்கையாளர்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சைக்கிள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: அலுமினிய ரோடு பைக்கின் பிரேமில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட்டதும், வாரண்டி கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2021-ல் சென்னையில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ரூ. 48,000 கொடுத்து ஒரு அலுமினிய ரோடு பைக் வாங்கினேன். அதன் பிரேமில், ஹேண்டில் பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கும் டவுன் டியூப் குழாய் வந்து, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டோடு சேருகிற இடத்தில், வெல்டிங்கை ஒட்டி விரிசல் விட்டிருக்கிறது. பிரேமின் உற்பத்திக் குறைபாடுகளுக்கு ஐந்து வருட வாரண்டி என்று உங்கள் கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. நான் வாரண்டி கோரியபோது அந்தக் காலம் முடிந்திருக்கவில்லை. இருந்தும், “வண்டியில் ஒரிஜினல் பாகங்கள் மாற்றப்பட்டுள்ளன, எனவே வாரண்டி பொருந்தாது” என்று ஒரே வரியில் மெயில் அனுப்பிக் கோரிக்கையை மூடிவிட்டீர்கள். அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். சைக்கிள் தெரிந்த ஒருவர் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விரிசல். சில வாரங்களாகவே, எழுந்து நின்று மிதிக்கும்போது கீழேயிருந்து ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம். ரோடு பைக்கில் இப்படிச் சத்தம் வந்தால் யாரும் முதலில் பாட்டம் பிராக்கெட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். என் மெக்கானிக் பெடல் மாட்டும் கிராங்க்கைக் கழற்றி, பேரிங் உட்காரும் இரண்டு கப்பையும் வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து மறுபடி பூட்டினார். சத்தம் போகவில்லை. பெடலை மாற்றிப் பார்த்தோம், சீட் போஸ்ட்டைக் கழற்றித் துடைத்துப் போட்டோம், சக்கரத்தின் க்விக் ரிலீஸைச் சரிபார்த்தோம். அப்படியும் போகவில்லை. கடைசியில் வண்டியைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி, டவுன் டியூபின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தபோதுதான் அது தெரிந்தது. வெல்டிங் மணிகள் முடிகிற ஓரத்திலேயே, தலைமுடி கனத்தில் ஒரு கருத்த கோடு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டி நிற்கிறது. பெயின்ட் மட்டும் வெடித்திருந்தால் அப்படி நிற்காது.

அதையும் நான் சும்மா நம்பிவிடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் சோதனை செய்து தரும் ஒரு பட்டறைக்கு பிரேமைக் கொண்டுபோனேன். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டு, மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஊறி மேலே வந்தது. வெல்டிங்கின் வளைவையே பின்பற்றிப் போகிறது. அந்தப் படங்களையும் பட்டறையின் அறிக்கையையும் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பினேன், இப்போதும் இணைத்திருக்கிறேன். உங்கள் தரப்பிலோ டீலர் எடுத்து அனுப்பிய இரண்டு செல்போன் படங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர்கூட அந்த பிரேமைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு முதல் வருத்தமே அதுதான்.

இனி, நான் மாற்றிய பாகங்கள். எதையும் மறைக்கவில்லை, நானே பட்டியல் கொடுத்தேன். வண்டியோடு வந்தது எட்டு ஸ்பீடு, அதாவது பின்சக்கரத்தில் எட்டுப் பற்சக்கரங்கள். அதை ஷிமானோவின் சோரா ஆர்3000 கியர் தொகுதிக்கு, அதாவது ஒன்பது ஸ்பீடுக்கு மாற்றினேன். எட்டு, ஒன்பது, பத்து ஸ்பீடு ரோடு கேசட்டுகள், அதாவது பின் பற்சக்கரக் கொத்துகள், பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஒரே ஃப்ரீஹப்பில் உட்காரும் என்பதால் சக்கரத்தை மாற்றவில்லை. சதுர முனை அச்சு வைத்த பழைய பாட்டம் பிராக்கெட்டுக்குப் பதிலாக, 24 மில்லிமீட்டர் உள்ளீடற்ற அச்சு வைத்த கிராங்க் போட்டேன். இரண்டுமே 68 மில்லிமீட்டர் அகலமுள்ள அதே பிஎஸ்ஏ என்ற அளவு மரையில்தான் பூட்டப்படுகின்றன. பிரேமில் எதையும் ராவவில்லை, துளை போடவில்லை, மரை வெட்டவில்லை. கப்புகளுக்கு ஷிமானோ சொல்லும் இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர், கிராங்க் போல்ட்டுகளுக்கு 12 முதல் 14. இரண்டும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் போடப்பட்டவை. டயரை 25 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 28-க்கு மாற்றினேன். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், பிரேமுக்கு வரும் அதிர்ச்சி அதனால் குறையத்தான் செய்யும்.

இதில் எந்த மாற்றம் டவுன் டியூபைப் பிளந்தது என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். கிராங்க் எதுவாக இருந்தாலும் பிரேமுக்குப் போகும் விசை என் காலிலிருந்துதான் போகிறது. நல்ல கிராங்க் போட்டதால் என் கால் வலு கூடிவிடவில்லை, என் எடையும் கூடிவிடவில்லை. உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் எடை வரம்புக்கு நான் வெகு கீழே இருக்கிறேன். கப்பை அதிகமாக இறுக்கியிருந்தால் மரை போயிருக்கும், அல்லது பாட்டம் பிராக்கெட் கூடு வெடித்திருக்கும். இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. விரிசல் இருப்பது நாங்கள் ரெஞ்ச் வைக்கவே முடியாத ஓர் இடத்தில், உங்கள் தொழிற்சாலை போட்ட வெல்டிங்கின் ஓரத்தில்.

உங்கள் சேவைப் பிரிவில் தொலைபேசியில் வேறு இரண்டு காரணங்களும் சொன்னார்கள். கடற்காற்றில் ஓட்டியதால் அரித்திருக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசிஆரில் முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை போய்வருகிறேன் என்பது உண்மைதான், சென்னையில் ரோடு பைக் வைத்திருக்கும் பெரும்பாலானோர் போகும் பாதை அது. உப்பு அலுமினியத்தைத் தின்றால் பெயின்ட் கொப்புளித்து, உள்ளே வெள்ளைப் பொடி பூத்து, சின்னச் சின்னக் குழிகள் விழும். வெல்டிங் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கோடாக ஓடாது. போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுவேன். எஃகு போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில், பாட்டில் கேஜ் போல்ட் உட்பட, வருடந்தோறும் கழற்றி கிரீஸ் வைக்கிறேன். செயின் 0.75 சதவீதத் தேய்மானத்தைத் தொடும் முன்பே மாற்றிவிடுகிறேன். பராமரிப்புக் குறை என்று இந்த வண்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, “பந்தயத்தில் ஓட்டியிருக்கிறீர்கள்” என்றது. நான் பந்தயத்தில் ஓட்டியதில்லை. ‘பிரெவே’ எனப்படும், நேர வரம்புள்ள 200 கிலோமீட்டர் நெடுந்தூரப் பயணங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிகளின்படி அதை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. நெடுந்தூரம் போவதைப் பந்தயம் என்று வகைப்படுத்தினால் ரோடு பைக்கை வேறு எதற்குத்தான் விற்கிறீர்கள்?

இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்கவைத்தது உங்கள் சேவைப் பிரிவு கடைசியில் சொன்ன யோசனை: “பக்கத்தில் ஏதாவது ஆர்கான் வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளுங்கள் சார், ஓடும்.” சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சைக்கிள் நிறுவனத்தின் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. உங்கள் பிரேமில் 6061 டி6 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 6061 என்பது மெக்னீசியமும் சிலிக்கனும் கலந்த அலுமினியம். டி6 என்பது அதற்குக் கொடுக்கும் வெப்பப் பதம்: ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்திருந்தால்தான் அந்த உலோகத்துக்கு உரிய வலு வரும். வெல்டிங் சூடு பட்டதும் பற்றவைத்த ஓரத்தில் அந்தப் பதம் கெட்டு, வலு ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அதனால்தான் 6061-இல் பிரேம் செய்கிறவர்கள் வெல்டிங் முடிந்த பிறகு முழு பிரேமையும் உலையில் வைத்து மறுபடி பதப்படுத்துகிறார்கள். தெருமுனைக் கடையில் அந்த உலை இருக்காது. எஃகு பிரேமாக இருந்தால் கைதேர்ந்த ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஓடும். அலுமினியத்தை அப்படி ஒட்டினால், அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் பிளக்கும்.

அது எப்போது பிளக்கும் என்றும் சொல்ல முடியாது. எஃகுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை அழுத்தம் வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மிச்சமிருக்கும் உலோகம் தாங்காத நாளில் ஒரேயடியாக விட்டுவிடும். நான் தினமும் ஓஎம்ஆரில், மாநகரப் பேருந்துகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவில், இதே வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அலசியதால் தப்பித்தேன். இதே மாடலை வாங்கிய எல்லோரும் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் வண்டி தயாரான அதே சமயத்தில் தயாரான மற்ற பிரேம்கள் சரியாகப் பதப்படுத்தப்பட்டனவா என்று உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு பார்த்தாக வேண்டும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரத்தில், பெடல் விசையை ஒரு லட்சம் முறை கொடுத்து பிரேமைச் சோதிக்கும் முறை இருக்கிறது. அந்தச் சோதனையில் அதிகம் வாங்கிக்கட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று, இப்போது விரிசல் விட்டிருக்கும் இதே இணைப்பு. இந்த மாடல் அந்தச் சோதனையைத் தாண்டியதா என்று மூன்று மெயிலில் கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

இதோடு தொடர்புள்ள இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ தள்ளிவிட்டதில், கியர் மாற்றும் பின் டீரெய்லரை பிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்தது. விழுந்தால் பிரேம் போகாமல் தான் வளைய வேண்டும் என்றே செய்யப்படும் துண்டு அது. மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும் என்பதால் வெளியில் எளிதில் கிடைக்காது. உங்களிடம் கேட்டபோது “ஸ்டாக் இல்லை, அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது” என்றீர்கள். கைக்குள் அடங்கும் அந்தத் துண்டு இல்லையென்றால் முழு வண்டியும் வீட்டுச் சுவரில் சாய்ந்துதான் கிடக்கும். என் மெக்கானிக் வளைந்ததையே பொறுமையாக நிமிர்த்திக் கொடுத்தார். ஒரு மாடலை நிறுத்தலாம். அந்த மாடலுக்கு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் ஹேங்கரையாவது கையிருப்பில் வைத்திருப்பது உங்கள் கடமை.

இவ்வளவு செலவு செய்து மாற்றியதற்குப் பதில் புது வண்டியே வாங்கியிருக்கலாமே என்று டீலர் கேட்டார். இந்த பிரேம் எனக்குப் பொருந்தியது. இதன் அளவும் குனிந்து ஓட்டும் கோணமும் என் முதுகுக்கு ஒத்துவந்தன. கார்பன் வாங்கு என்று சொன்ன நண்பர்களிடம், நல்ல அலுமினிய பிரேமை வைத்துக்கொண்டு பாகங்களை ஒவ்வொன்றாக மேம்படுத்தினால் போதும், பல வருடம் ஓடும் என்று சொல்லிவந்தவன் நான். என் பேச்சைக் கேட்டு உங்கள் வண்டியை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். செயின், கேசட், டயர், பிரேக் கட்டை எல்லாம் தேயும் பொருள்கள், மாற்றித்தான் ஆக வேண்டும். தேய்ந்ததை மாற்றும்போது ஒரு படி மேலானதைப் போட்டால் பிரேமின் வாரண்டியே போய்விடும் என்றால், அதை விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் வாரண்டி கார்டில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. பிரேமை வெட்டினாலோ, பற்றவைத்தாலோ, வேறு பெயின்ட் அடித்தாலோ செல்லாது என்றுதான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இது. உங்கள் பொறியாளர் ஒருவர் பிரேமை நேரில் சோதிக்க வேண்டும். குறை உற்பத்தியில் என்று தெரிந்தால் அதே அளவில் புது பிரேம் தர வேண்டும். அந்த மாடல் இல்லையென்றால், என்னிடம் இருக்கும் பாகங்கள் பொருந்தும்படி 68 மில்லிமீட்டர் பிஎஸ்ஏ மரையும் ரிம் பிரேக்கும் உள்ள, அதற்கு ஈடான பிரேமைத் தர வேண்டும். பழைய பாகங்களைக் கழற்றிப் புது பிரேமில் பூட்டும் கூலியும் அம்பத்தூர் சோதனைச் செலவும் உங்களைச் சேர்ந்தவை. குறை என்னுடையது என்று நீங்கள் கருதினால், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுத்தில், பொறியாளரின் கையொப்பத்தோடு தர வேண்டும். இந்த மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு, அந்த இணைப்பைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி ஓர் அறிவிப்பாவது அனுப்ப வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதை எனக்குப் புது பிரேம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் விடப்போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வழக்கு எதுவானாலும் உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் என்று வாரண்டி கார்டின் பின்பக்கம் போட்டிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு செய்ய அந்தச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

பிரேம் இப்போது என் மெக்கானிக்கின் கடையில், பாகங்கள் கழற்றப்பட்டு, சோதனையின்போது இருந்த நிலையிலேயே இருக்கிறது. உங்கள் ஆள் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். முந்தின நாள் தகவல் சொன்னால் நானும் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேளச்சேரி, சென்னை.

இணைப்பு: பில் நகல், வாரண்டி கார்டின் இரு பக்க நகல், பிரேம் எண்ணின் படம், சாயச் சோதனைப் படங்களும் அறிக்கையும், பாகங்கள் வாங்கிய ரசீதுகள், இதுவரை நடந்த மெயில் போக்குவரத்து.