விளாடிவோஸ்டாக்கில் எங்களுக்குக் காட்டாமல் விட்ட துறைமுகம்: சுற்றுலா நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

பொருள்: ரஷ்யச் சுற்றுலாவில் கட்டணம் வாங்கியும் காட்டப்படாத இடங்கள் தொடர்பாக

ஐயா,

வணக்கம். கடந்த செப்டம்பரில் உங்கள் நிறுவனம் நடத்திய மாஸ்கோ, விளாடிவோஸ்டாக் பயணத்தில் நானும் என் மனைவியும் வந்திருந்தோம். மாஸ்கோவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஹோட்டல், விமானம், சைவச் சாப்பாடு எல்லாமே சொன்னபடி நடந்தன. ரஷ்யாவின் பசிபிக் கரைத் துறைமுக நகரான விளாடிவோஸ்டாக்கில் கழிந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சென்னைத் துறைமுகத்தில் 31 வருடம் கிரேன் ஓட்டியவன். எண்பதுகளில் சோவியத் கப்பல்கள் வரும்போது அவற்றின் பின்பக்கத்தில், கப்பல் பதிவான ஊரின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதில் நீளமான ஒரு பெயரை ஒரு மாலுமி எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார்: விளாடிவோஸ்டாக். கடற்படைத் தளம் என்பதால் அந்த ஊருக்குள் வெளிநாட்டவர் நுழைய அப்போது அனுமதி இல்லை, 1992-ல்தான் திறந்துவிட்டார்கள். அந்தக் கப்பல்கள் புறப்பட்டு வந்த ஹார்பரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு சேர்த்த பணத்தில் இந்தப் பயணம் வந்தேன். உங்கள் விளம்பரத் தாளில் “துறைமுக நகரின் முக்கிய இடங்கள் அனைத்தும், நுழைவுக் கட்டணம் உட்பட” என்று அச்சிட்டிருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன்.

முதல் நாள் எஸ்-56 நீர்மூழ்கிக் கப்பல். கரையில் ஏற்றி நிறுத்தி 1975 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிருந்து கிளம்பி, பசிபிக்கைக் கடந்து, பனாமா கால்வாய் வழியாக அட்லாண்டிக் போய், ரஷ்யாவின் வடக்குக் கடற்படையில் சேர்ந்து போரிட்ட கப்பல் அது. 1954-ல் ஆர்க்டிக் வழியாகத் திரும்பி வந்தபோது உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது. உள்ளே போனால் டார்பிடோ குழாய்களையும் மாலுமிகளின் படுக்கைகளையும் பார்க்கலாம். விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நான் போய் வந்திருக்கிறேன். அதுவும் சோவியத்தில் கட்டியதுதான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு ஆசையாக வந்தேன். பத்து நிமிடம் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, எங்களை மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நுழைவுச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு உங்கள் டூர் மேனேஜர், “நேரம் இல்லை சார்” என்றார். ஆனால் அன்று மதியம் ஒரு நினைவுப்பொருள் கடையில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கடைக்காக விடுபட்டது ரஸ்கி தீவின் வோரோஷிலோவ் பீரங்கித் தளம். ‘பொல்தாவா’ என்ற பழைய போர்க்கப்பலிலிருந்து கழற்றிய இரண்டு சுழல் கோபுரங்கள், கோபுரத்துக்கு மூன்றாக 305 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றுக்குக் கீழே நிலத்தடியில் குண்டுகளைத் தூக்கி மேலே அனுப்பும் இயந்திரங்கள். பாரம் தூக்கியே பிழைத்த எனக்கு அதைவிடப் பார்க்க வேண்டிய இடம் வேறு இல்லை. தீவுக்குப் போகும் பாலத்தின் மேல் பஸ் போனது, அவ்வளவுதான். அழகான பாலம்தான், மறுக்கவில்லை. 2012-ல் திறந்தபோது, கம்பிகள் தாங்கும் பாலங்களில் உலகிலேயே நீளமான நடு இடைவெளி அதற்குத்தான்: 1104 மீட்டர்.

அப்புறம் டோகரெவ்ஸ்கி கலங்கரை விளக்கம். முதலில் 1876-ல் அமைத்தது. கடலுக்குள் நீளும் ஒரு மெல்லிய திட்டின் முனையில் நிற்கிறது. நீர் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம், ஏறிவிட்டால் திட்டு மூழ்கிவிடும். எங்களைச் சரியாக நீர் ஏறிய நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடல் நீர் ஏறி இறங்கும் ஓத நேரம் முன்கூட்டியே தெரிகிற விஷயம், எந்தத் துறைமுகத்திலும் கேட்டால் சொல்வார்கள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வந்த என் மனைவி, காற்றில் நின்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பெண், நல்ல பிள்ளை, ஆனால் ரஷ்ய மொழி மட்டுமே தெரியும். அவர் ஐந்து நிமிடம் பேசியதை டூர் மேனேஜர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதமே பினாங்கில் ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலுக்குத் தளம் விளாடிவோஸ்டாக். இதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்க ஆசைப்பட்டேன். கேள்வியை ஒழுங்காக மொழிபெயர்க்கக்கூட ஆள் இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள். நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது தெரிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

சரி, நன்றாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1962-லிருந்து ஓடும் மலை ரயிலில் ஏறி, கழுகுக்கூட்டு மலையிலிருந்து தங்கக் கொம்பு விரிகுடாவைப் பார்த்தோம். கப்பல்கள், கிரேன்கள், மேலே பாலம். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். கடைசி நாள் விடியற்காலையில் நானே ரயில் நிலையத்துக்கு நடந்துபோய், மாஸ்கோவிலிருந்து 9288 கிலோமீட்டர் என்று காட்டும் தூணைத் தொட்டுப் பார்த்தேன். அது உங்கள் பட்டியலிலேயே இல்லை.

எஸ்-56, பீரங்கித் தளம் இரண்டுக்கும் வாங்கிய நுழைவுக் கட்டணத்தையும், கடையில் போன அரை நாளுக்கு உரிய தொகையையும் எங்கள் இருவருக்கும் திருப்பித் தர வேண்டும். அடுத்த குழுவுக்கு ஆங்கிலமாவது தெரிந்த வழிகாட்டி வேண்டும். கலங்கரை விளக்கத்துக்கு ஓத நேரம் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும். கடை நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட வேண்டும். விளம்பரத் தாள், பணம் கட்டிய ரசீது, மூன்று நாட்களின் நேரக்குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி
(ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர், சென்னை)