சிவகங்கைப் பூங்காவில் ஒரு மதியம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முட்டிவலி தேவலையா? இங்கே தஞ்சாவூரில் புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் கரையோரமாக நடக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு சிவகங்கைப் பூங்காவுக்குப் போனேன். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் சுற்றிய அதே இடம்தான். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்து மரத்தடியில் துண்டை விரித்தது. தூக்குவாளியைத் திறந்ததும் புளிச்சோற்று வாசனை. ஒரு பாட்டி முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து அப்படியே தூங்கிப்போனார். ஓட்டலில் அறை எடுக்க முடியாதவர்கள் இந்த டவுனில் வேறு எங்கே நிழலில் காலை நீட்டுவார்கள், சொல்.

அது 1871-72ல் நகராட்சி அமைத்த பூங்கா. குளம் அதற்கும் முந்தியது. தஞ்சாவூர் மேட்டு நிலம், காவிரித் தண்ணீர் தானாக ஏறாது. அதனால்தான் நாயக்கர் காலத்தில் சேவப்பநாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, பூமிக்கடியில் ஜலசூத்திரம் என்ற நீர்ப்பாதை போட்டு சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஐயன்குளத்துக்கும் போனது. இவ்வளவு யோசித்துச் செய்த இடத்தை ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த இடம் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். எனக்கு அதுதான் ஆற்றாமை.

எங்கள் குடியிருப்பிலும் ஒரு பூங்கா உண்டு. பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விட வேண்டுமே, அப்படி விட்ட துண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. தப்பியது ஒரு வேம்புதான். அப்புறம் சீரமைக்கிறோம் என்று வந்தவர்கள் அதன் தூர் வரைக்கும் பேவர் பிளாக் பதித்துவிட்டுப் போனார்கள். பேத்தி தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை வேம்புக்கு ஊற்றினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை, கல்மேல் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஆனால் அந்த வேம்புக்காகக் கேட்க நாங்கள் பத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறோம், வார்டில் ஓட்டும் இருக்கிறது. சிவகங்கைப் பூங்கா மாதிரி பெரிய பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். கழிப்பறை பூட்டிக் கிடந்தாலும் குடிதண்ணீர் வராவிட்டாலும் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் பாட்டிக்காக இங்கே யார் போய்ப் பேசுவது? மாவட்டம் முழுக்க வந்து போகும் இடத்தை ஊர்க்காரர்கள்தான் தங்கள் வீட்டு விஷயமாக எடுத்துக் கேட்க வேண்டும்.

சரி, முதலில் வேம்பிலிருந்து தொடங்குகிறோம். சுற்றிலும் நாலு அடிக்குக் கல்லைப் பெயர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஆபீஸில் ஆயிரம் மனு பார்த்தவன் நீ, வாசகம் சரியா என்று பார்த்து அனுப்பு. ஐப்பசி மழையில் கட்டாயம் வா. குளத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்