செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் ஐயா, நிர்வாகசபையினர், உறுப்பினர்களே,

பனம்விதை நடுகை ஒரு தடவை, குளக்கட்டுத் துப்புரவு இரண்டு தடவை, பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரப்போட்டி ஒன்று. நிர்வாகசபை ஐந்து முறை கூடியது.

இனி காளான் விஷயம். மரம் நடுகிற சங்கத்துக்குக் காளான் என்னத்துக்கு என்று போன பொதுக்கூட்டத்தில் கேட்டீர்கள், அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் பிரிட்ஜியோபோரஸ் நொபிலிசிமஸ் என்றொரு காளான் இருக்கிறது. நோபிள் பர் என்ற ஊசியிலை மரத்தில், அதுவும் வயதேறிப் பருத்த மரத்தின் அடியிலும் அதன் கட்டையிலும்தான் பெரும்பாலும் வளரும். 1940களில் கிடைத்த ஒன்று 130 கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய காளானே இன்று, எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் என்று மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது, காரணம் அதைப் பிடுங்கித் தின்றதல்ல, பெருமரங்களைப் பலகைக்குத் தறித்தது. பெயரிடப்பட்ட பங்கசு (காளானும் பூஞ்சணமும் சேர்ந்த வகை) இனங்கள் 155,000 அளவில் இருக்க, 2025 மார்ச் வரை அந்தப் பட்டியலுக்காக ஆராயப்பட்டவை 1,300தான். அதில் 411 அழியும் ஆபத்தில், அவற்றுள் 198க்கு மரம் தறிப்பும் காடழிப்பும் காரணம்.

இங்கே நாங்கள் பாலை, முதிரை, யானை எல்லாம் எண்ணுவோம், காளானை எண்ணியதே இல்லை. அதனால்தான் கொப்பி ஒன்று வாங்கி, மாரியில் புற்றுக்காளான் முளைக்கிற புற்றுகளைக் குறிக்கத் தொடங்கினேன். கறையான் தான் தின்ற மரத்தூளைப் புற்றுக்குள் குவித்து, அதன்மேல் பங்கசை வளர்த்து உண்கிறது, மழை விழுந்ததும் அதே பங்கசுதான் குடையாக வெளியே வருகிறது. கறையான் இல்லாமல் அது நிலைக்காது, சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் வளர்த்தெடுக்கவும் முடியவில்லை. ஆகவே கறிக்குப் பிடுங்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வேர்போல நீளும் அடியைத் தோண்டாமல் விட்டால் போதும். புற்றை உடைத்தால்தான் கதை முடிகிறது. நான் குறித்த எட்டுப் புற்றில் இரண்டைக் காணி மட்டப்படுத்த பெக்கோ இயந்திரம் விட்டு வழித்துவிட்டார்கள். ஒன்றின் உரிமையாளர் எங்கள் உறுப்பினர், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புற்றுப் பார்க்கக் காட்டோரம் நாங்கள் நடந்த நான்கு போயா (பௌர்ணமி) தினங்களிலும் 31 உறுப்பினர்களில் வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர், கடைசித் தடவை இரண்டு பேர். வயல் வேலை எனக்கும் உண்டு. வராதவர்கள் பிறகு தேநீர்க்கடையில் "செயலாளர் காளான் பொறுக்குகிறார்" என்று சொன்னது என் காதுக்கும் வந்தது, மனம் நொந்தது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி, கையில் சிறு தொகை இருக்கிறது. 600 ரூபா சந்தாவை 14 பேர் இன்னும் கட்டவில்லை, இருவர் மூன்றாவது வருடமாக. பெயர் வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபைக்கும், கொப்பியில் படம் கீறித்தந்த உயர்தர மாணவிகளுக்கும், நடைநாட்களில் சோறு கட்டித்தந்த அக்காமாருக்கும் நன்றி.

அடுத்த வருடமும் நானே செயலாளராக இருக்கவேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். புரட்டாதி முடியமுதல் மிச்சப் புற்றுகளையும் குறித்து, காணிக்காரரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசவேண்டும், அதற்கு என்னோடு ஐந்து பேர் வந்தால் இருக்கிறேன். கொப்பி மேசையில் இருக்கிறது, பின்பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

செயலாளர்