திருநங்கையைப் படமெடுக்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம். தோட்டப்புறத் திருநங்கைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இளைஞர்கள் முன்வருவது நல்லதே. ஆனால் அவர்களின் மலேசிய அடையாள அட்டையை அருகில் காட்டாதீர்கள். அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண். படத்தை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். லேசாக மங்கலாக்கினால் போதாது, முழுக்க மறையுங்கள்.

முந்தானையில் மைக் குத்தினால் சேலைச் சரசரப்பு பேச்சை விழுங்கிவிடும். ரவிக்கை விளிம்பின் உட்புறம் ஒட்டுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் பேட்டியைத் தள்ளிப்போடுங்கள்.

கண்ணாடி முன் ஒப்பனைக் காட்சி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவர் கடைக் கணக்குப் பார்ப்பதை எடுக்கலாமே! சம்மதக் கையெழுத்து முதல் நாளோடு முடிவதில்லை. தொகுத்த படத்தை அவருக்குப் போட்டுக்காட்டி, வேண்டாம் என்றதை நீக்கிய பிறகே வெளியிடுங்கள்.

– வாசகர்கள், சுங்கை சிப்புட்